எனது இலக்கமும் உமது இலக்கமும்

அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து வரும் கடிதத்தை நீங்கள் பலமுறை கையில் எடுத்திருப்பீர்கள். அதன் தலைப்பில் இரண்டு சிறு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ‘எனது இல.’ என்பது, மற்றையது ‘உமது இல.’ என்பது. செய்தியை அறியும் ஆவலினால் நாம் இவ்விரு வரிகளையும் பெரும்பாலும் நோக்குவதில்லை. ஆயினும், தமது காணி விண்ணப்பம் எந்த மேசையில் நின்றுவிட்டதென்று கச்சேரி வாயிலில் அலைந்து திரிந்தவருக்கு அவற்றின் அருமை தெரியும்.

இவ்விரு வரிகளும் செய்யும் தொழில் யாது? ‘எனது இல.’ என்பது எழுதுபவர் தம் கோவைக்கு இட்ட இலக்கம். ‘உமது இல.’ என்பது, எக்கடிதத்துக்கு விடையாக இஃது எழுதப்படுகின்றதோ அதன் இலக்கம். ஒரு விண்ணப்பம் நான்கு திணைக்களங்களைக் கடந்து சென்றாலும், ஒவ்வொருவரும் இவ்விரு வரிகளையும் ஒழுங்காக நிரப்பியிருப்பின், கடைசிக் கடிதத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு முதற் கடிதம் வரையும் பின்னோக்கி நடக்கலாம். ஒருவர் நிரப்பாது விட்டாராயின் சங்கிலி அவ்விடத்தில் அறுந்துவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணனியைச் சார்ந்தது. பல கணனிகளினூடாகச் செல்லும் ஒரு கோரிக்கையின் தடத்தைப் பின்பற்றுவதற்கு, நிரல் எழுதுவோர் யாவர்க்கும் பொதுவான ஓர் இடைமுகத்தை எவ்வாறு வகுப்பது என்பதே அது. அதன் உயிர் இவ்விரு வரிகளிலேயே உள்ளது.

முன்னாளில் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கணனியே செய்தது. பிழை நேர்ந்தால், தான் செய்தவற்றை நேரத்தோடு வரிவரியாக அக்கணனி எழுதி வைத்த நாட்குறிப்பைத் திறந்து படித்தாற் போதும். இன்று நிலைமை வேறு. ஒருவர் தம் கைத்தொலைபேசியிற் பிரயாணச் சீட்டு ஒன்றை வாங்குவதற்கு விரலால் ஒருமுறை தொடுகின்றார். அத்தொடுகை ஒரு கோரிக்கையாகி வாயிற்கணனியை அடைகின்றது. வந்தவர் யாவர் என்பதை அக்கணனி ஒரு நிரலிடம் கேட்கின்றது. இடம் உண்டோ என்பதை இன்னொன்றிடம் கேட்கின்றது. விலையை மூன்றாவதிடம் அறிகின்றது. பணத்தைப் பெறுமாறு நான்காவதை ஏவுகின்றது. அவை ஒவ்வொன்றும் தமக்கு வேண்டியவற்றை வேறு நிரல்களிடம் கேட்கின்றன. இந்நிரல்கள் வெவ்வேறு கணனிகளில் இருப்பவை; வெவ்வேறு குழுவினர், வெவ்வேறு நிரல்மொழிகளில் எழுதியவை. இத்தகைய ஒன்றைப் பரவல் அமைப்பு என்பர்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுகின்றேன். மாலை வேளைகளிற் கட்டணம் செலுத்துவோருள் சிலருக்கு விடை வர அரை நிமிடம் சென்றது. சிலருக்கு விடையே வரவில்லை. நான்கு குழுவினர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். ஒவ்வொரு குழுவும் தன் நாட்குறிப்பைக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு நாட்குறிப்பும் தன்னை எழுதியவர் குற்றமற்றவர் என்றே சான்று பகர்ந்தது. இவ்வாறு மூன்று நாட்கள் கழிந்தன. ஈற்றில், எவருடைய நிரல் அதிக நேரம் எடுத்ததாகக் கணக்குக் காட்டியதோ அவர்மேற் பழி விழுந்தது. அவர் எங்களுள் வயதிற் குறைந்தவர். மறுத்துரைக்க அவரிடம் சான்று இல்லை. அவர் அப்பணியிலிருந்து மாற்றப்பட்டார்.

சில மாதங்களின் பின், கோரிக்கைகளுக்குத் தட இலக்கம் இடும் முறையை நாங்கள் அமைத்தோம். அப்போது உண்மை வெளிப்பட்டது. அவருடைய நிரல் அந்நேரம் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது. அது வினாவிய வேறொரு நிரல், ஒரே தடவையிற் கேட்டுப் பெறத்தக்க விவரங்களைத் தரவுக் களஞ்சியத்திடம் ஒவ்வொன்றாக நூற்றுக்கணக்கான தடவை கேட்டுக்கொண்டிருந்தது. அந்நிரலை எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

நாட்குறிப்புகள் பொய் சொல்லவில்லை. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இலக்கந்தான் இருக்கவில்லை. ஒரே வினாடியில் ஆயிரம் கோரிக்கைகள் ஊடாடும் இடத்தில், இந்நாட்குறிப்பின் இவ்வரியும் அந்நாட்குறிப்பின் அவ்வரியும் ஒரே கோரிக்கைக்கு உரியனவோ என்று எவ்வாறு அறிவது? நேரத்தைக் கொண்டு ஒப்பிடலாமே என்பீர்கள். இரு கணனிகளின் மணிக்கூடுகள் முற்றாக ஒத்து ஓடுவதில்லை. கேள்வி புறப்படும் முன்னரே விடை வந்துவிட்டது போலவும் அவை காட்டும். பரவல் அமைப்பொன்றில் எது முந்தியது எது பிந்தியது என்பதை மணிக்கூட்டை மாத்திரம் நம்பித் துணியலாகாது என்பதையும், அனுப்பிய செய்தி பெற்ற செய்திக்கு முந்தியது என்னும் உறவே உறுதியானது என்பதையும் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலே தெளிவாக்கினார். ஆகவே, எப்பொழுது நிகழ்ந்தது என்பதோடு, எதனால் நிகழ்ந்தது என்பதும் பதியப்படல் வேண்டும்.

இதற்கு வழி தேடியோர் பலர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட மாக்பை என்னும் முறை, கோரிக்கைக்குப் பொது இலக்கம் இடாமலே, பதிவுகளை வகுத்த விதிகளின்படி பொருத்திப் பார்த்தது. 2007ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எக்ஸ்-றேஸ் என்னும் முறை, செய்தியோடு செய்தியாக ஓர் அடையாளத்தையும் அனுப்பியது. 2010ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனத்தார், தாம் நடைமுறையிற் பயன்படுத்தி வந்த டாப்பர் என்னும் அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். பின் வந்தவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அதுவே வழிகாட்டி.

டாப்பரின் கருத்து எளிமையானது. ஒரு கோரிக்கை வாயிலில் நுழையும்போதே அதற்கு ஒரு தட இலக்கம் இடப்படும். அக்கோரிக்கையின் பொருட்டு எங்கே எவ்வேலை நிகழ்ந்தாலும் அவ்விலக்கமே உடன் செல்லும். ஒவ்வொரு வேலைக்கும், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் கொண்ட தனிப் பதிவு உண்டு. ஆங்கிலத்தில் ஸ்பான் எனப்படும் இதனை நாம் பணிக்கூறு என்போம். பணிக்கூறு ஒவ்வொன்றுக்கும் தன் இலக்கம் ஒன்று. தன்னை ஏவிய பணிக்கூற்றின் இலக்கம் ஒன்று. அவைதாம் நமது கடிதத் தலைப்பிலுள்ள எனது இலக்கமும் உமது இலக்கமும். ஆனால், கடிதங்கள் சங்கிலிபோற் செல்லும். கோரிக்கையோ மரம்போற் கிளைக்கும். கிளைகள் எத்தனையாயினும் அவை ஒரே மரத்தின என்பதைத் தட இலக்கம் காட்டும். எக்கிளை எதிலிருந்து பிரிந்தது என்பதை உமது இலக்கம் காட்டும்.

கருத்து எளிது, அதை உலகத்துக்குப் பொதுவாக்குவது எளிதன்று. கூகிளின் நிரல்கள் யாவும் அந்நிறுவனத்தின் சில பொது நூலகங்களையே பயன்படுத்தின. அந்நூலகங்களுள் இலக்கமிடும் பகுதியை ஒருமுறை புகுத்திவிட்டாற் போதுமாயிருந்தது. சீ பிளஸ் பிளஸ் மொழியில் அப்பகுதி ஆயிரம் வரிகளுக்கும் குறைவானதே. வெளியுலகம் அத்தகையதன்று. களஞ்சியத்தோடு பேசும் நூலகத்தை ஒரு நாட்டிலே ஒருவர் எழுதுகின்றார். செய்தி அனுப்பும் நூலகத்தை வேறொரு நாட்டிலே வேறொருவர் எழுதுகின்றார். தடத்தைச் சேகரிக்கும் கருவிகளும் பலவாயின. டுவிட்டர் நிறுவனம் 2012ஆம் ஆண்டிற் சிப்கின் என்னும் கருவியைப் பொதுவாக்கியது. ஊபர் நிறுவனத்திலிருந்து 2017இல் யேகர் வந்தது. வேட்டைக்காரன் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல் அது. நூலகம் எழுதுபவர், சிப்கினுக்கு ஒருவாறும் யேகருக்கு வேறொருவாறும் தம் நிரலைத் திருத்த வேண்டுமாயின் எதற்குந் திருத்தமாட்டார்.

இங்கேதான் இடைமுகம் வேண்டுவதாகின்றது. இடைமுகம் என்பது, ஒரு நிரல் இன்னொன்றிடம் ஒரு வேலையைக் கேட்பதற்குரிய பெயர்களும் அவற்றின் பின்னுள்ள வாக்குறுதிகளும் ஆகும். 2016ஆம் ஆண்டளவில் எழுந்த ஓப்பன் ட்ரேசிங் என்னும் முயற்சி, கருவி எதனையும் செய்து தராது இடைமுகத்தை மாத்திரம் வகுத்தது. அதன் சாரம் ஐந்து ஏவல்களுள் அடங்கும்: பணிக்கூற்றைத் தொடங்கு, அதில் ஒரு குறிப்பை இடு, அதனை முடி, வெளியே செல்லும் செய்தியில் வழிச்சீட்டை எழுது, உள்ளே வரும் செய்தியிலிருந்து வழிச்சீட்டை வாசி. வழிச்சீட்டு என்று நான் குறிப்பது தட இலக்கத்தையும் பணிக்கூற்றின் இலக்கத்தையும் சுமந்து செல்லும் சிறு குறிப்பை. நூலகம் எழுதுபவர் இவ்வைந்தையும் தக்க இடங்களில் அழைப்பார். பதிவு எங்கே சேமிக்கப்படும், எவர் படிப்பார் என்பன அவர் கவலையல்ல. தலைப்பு அச்சிட்ட கடிதத்தாள் அவர் கையில் உண்டு. கோவைகளை அடுக்கும் அலுமாரி வேறொருவர் பொறுப்பு.

இவ்வாறு பிரித்தலினால் ஒரு கடமையும் வந்து சேர்கின்றது. அலுமாரி இல்லாத இடத்திலும் அந்நூலகம் பயன்படும் அன்றோ? ஆகலின், சேகரிக்கும் கருவி எதுவும் பொருத்தப்படாவிடின், இவ்வேவல்கள் ஒன்றுஞ் செய்யாது அமைதியாகத் திரும்புதல் வேண்டும். கருவி பழுதடைந்தாலும் அப்பழுது கோரிக்கையைத் தீண்டலாகாது. ‘உமது இல.’ நிரப்பப்படவில்லை என்பதற்காக ஒருவரின் ஓய்வூதியத்தை நிறுத்துவது தகுமோ? காவற்காரன் திருடனைப் பிடிக்கத் தவறினாலும் குற்றம் பொறுக்கலாம். வீட்டுக்காரனை உள்ளே விட மறுத்தாற் பொறுக்கலாகாது.

அடுத்த சிக்கல் ஒரு கணனியின் உள்ளேயே எழுவது. கோரிக்கை உள்ளே நுழைந்ததும் அதன் வேலை ஒரு செயற்கூறிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிச் செல்லும். வழிச்சீட்டு அதனோடு எவ்வாறு செல்வது? இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொருவரும் அதனைக் கையிலேந்தி அடுத்தவரிடம் வெளிப்படையாகக் கொடுப்பது. கோ என்னும் நிரல்மொழியில் இதுவே வழக்கம். இதில் மறைவு இல்லை; ஆயின் எழுதுபவருக்குச் சலிப்பு மிகுதி. நடுவில் ஒருவர் வாங்காது விட்டால் தடம் அறும். மற்றையது, சீட்டை மேசைத் தட்டில் வைத்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது. ஜாவா மொழியில், வேலை நடக்கும் இழையோடு சீட்டைப் பிணைத்து வைப்பது இவ்வகை. இது இலகுவானது. ஆனால் வேலை ஓர் இழையிலிருந்து வேறோர் இழைக்கு மாறும்போது சீட்டு பழைய தட்டிலேயே கிடந்துவிடும். அடுத்து அம்மேசைக்கு வரும் வேறொரு கோரிக்கை அதனைத் தனதென்று எடுத்துக்கொள்ளும். தடம் அறுந்தால் அறுந்ததென்றாவது அறிவோம். பிழையான பெற்றோரோடு பிணைந்த தடமோ குற்றமற்றவரைக் குற்றவாளி ஆக்கும். எனவே, தட்டில் வைத்த சீட்டை வேலை முடிந்ததும் எடுத்துவிடுதலையும், இழை மாறும்போது சீட்டையும் கூட எடுத்துச் செல்லுதலையும் இடைமுகமே ஒழுங்குபடுத்தித் தருதல் வேண்டும்.

எல்லாக் கோரிக்கைகளையும் பதிதல் இயலுமோ? டாப்பர் அமைப்பு, தொடக்கத்தில் 1024 கோரிக்கைகளுக்கு ஒன்றையே சராசரியாகப் பதிந்தது. கோடிக்கணக்கான கோரிக்கைகள் வருமிடத்தில் அதுவும் நல்ல மாதிரியே. இதில் இடைமுகத்துக்குரிய பாடம் ஒன்றுண்டு. பதிவதோ விடுவதோ என்னும் தீர்மானத்தை ஒவ்வொரு நிரலும் தன்பாட்டிற் செய்தால், வேரின்றிக் கிளையும் கிளையின்றி இலையுமாகத் துண்டுகளே எஞ்சும். எனவே, தீர்மானம் வாயிலில் ஒருமுறை செய்யப்பட்டு, வழிச்சீட்டிற் குறிக்கப்பட்டு, இறுதிவரை செல்லுதல் வேண்டும். இதற்கும் ஒரு குறை உண்டு. அரிதாக நிகழும் பிழை, பதியப்படாத 1023க்குள் மறைந்துவிடலாம். யாவற்றையுஞ் சிறிது நேரம் வைத்திருந்து, கோரிக்கை முடிந்தபின், பிழைபட்டவற்றையும் தாமதித்தவற்றையும் மாத்திரம் தெரிந்து வைப்பது மாற்று வழி. அதற்குச் செலவு அதிகம். எதைத் தெரிந்தாலும் நூலகம் எழுதியவர் தம் நிரலை மாற்ற வேண்டியதில்லை என்பதே நல்ல இடைமுகத்தின் அடையாளம்.

இனி, ஓப்பன் ட்ரேசிங் விட்ட இடைவெளி ஒன்றைக் காண்போம். வழிச்சீட்டை எழுது, வாசி என்று அது சொல்லியதேயன்றி, எந்த எழுத்தில், எந்த ஒழுங்கில் எழுதுவது என்று வகுக்கவில்லை. அதனைக் கருவிகளிடமே விட்டது. விளைவு யாது? ஒரே இடைமுகத்தைக் கைக்கொண்ட இரு நிறுவனங்கள், வேறு வேறு கருவிகளைப் பொருத்தியிருந்தால், ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரால் வாசிக்க இயலவில்லை. கடிதத்தாள் ஒன்றே, அதில் எழுதிய லிபி வேறு. நிரலின் உள்ளே செய்துகொள்ளும் உடன்பாடு ஒன்று. கணனிகளுக்கிடையே செல்லும் செய்தியைப் பற்றிய உடன்பாடு இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

இரண்டாவது உடன்பாட்டை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2020ஆம் ஆண்டிலே பரிந்துரையாக வெளியிட்டது. செய்தியின் தலைப்பிற் செல்லும் ஒற்றை வரி அது. முதலிற் பதிப்பைக் குறிக்கும் 2 குறிகள். அடுத்துத் தட இலக்கத்துக்கு 32. அனுப்பியவரின் பணிக்கூற்றுக்கு 16. பதியப்படுகின்றதா என்பது முதலியவற்றுக்கு 2. இடையிலுள்ள மூன்று சிறு கோடுகளையும் சேர்த்து ஆக 55 குறிகள். இலக்கங்களை வழங்குவதற்குத் தலைமைக் கந்தோர் எதுவும் இல்லை. கோரிக்கையை முதலிற் பெறும் கணனி, எழுந்தமானமாக ஓர் இலக்கத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். 32 குறிகளால் ஆகும் இலக்கங்கள் அளவிறந்தன ஆதலால், இரண்டு கோரிக்கைகள் தற்செயலாக ஓரிலக்கம் பெறும் என்று அஞ்சவேண்டியதில்லை.

முதலாவது உடன்பாட்டிலும் ஒரு பிணக்கு எழுந்தது. 2018ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனத்தார் ஓப்பன் சென்சஸ் என்னும் வேறொரு முயற்சியை வெளியிட்டனர். ஓப்பன் ட்ரேசிங் இடைமுகத்தை மாத்திரம் தந்தது. ஓப்பன் சென்சஸ் இடைமுகத்தையும் இயங்கும் கருவியையும் சேர்த்தே தந்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆயின், யாவர்க்கும் பொதுவான ஒன்று வேண்டும் என எழுந்தவை இரண்டாகி நின்றபோது, எதனைக் கைக்கொள்வது என்னும் பழைய தயக்கமே நூலகம் எழுதுவோரை மீண்டும் பற்றியது. 2019ஆம் ஆண்டில் இரு சாராரும் ஒன்றுகூடி ஓப்பன் டெலிமெட்ரி என்னும் ஒரே முயற்சியைத் தொடங்கினர். இடைமுகம் தனியாகவும், விரும்பியவர் பொருத்தத்தக்க கருவி அதனின் வேறாகவும் அதில் அமைக்கப்பட்டன. பழைய இடைமுகங்களை நம்பி எழுதியோரைக் கைவிடாது, பாலம் போன்ற இணைப்பு நிரல்களும் அமைக்கப்பட்டன. தடத்துக்குரிய முதல் நிலையான வரையறை 2021இல் வந்தது. 2022இல் ஓப்பன் ட்ரேசிங்கும் 2023இல் ஓப்பன் சென்சஸும் ஓய்வு பெற்றன. தாம் உருவாக்கியதைத் தாமே மூடிவிடத் துணிந்தமை, அவர்கள் செய்த வேலைகளுள் இலேசானதன்று.

சீட்டில் எதனை எழுதலாகாது என்பதும் இடைமுகம் வகுப்போர் ஆராயவேண்டியதே. இலக்கங்களோடு கூட வேறு விவரங்களையும் பொதியாகக் கட்டி அனுப்பும் வசதி இம்முறைகளில் உண்டு. அப்பொதி, செல்லும் வழியெங்கும், நாம் அறியாத பிற நிறுவனங்களின் கணனி வரையிலும் போகக்கூடும். ஒருவருடைய பெயரையோ நோயையோ கணக்கிலக்கத்தையோ அதில் இட்டால், தபாலட்டையில் இரகசியம் எழுதியது போலாகும். டாப்பரை வகுத்தவர்கள், செய்தியின் உள்ளடக்கத்தைத் தாமாகப் பதிவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். கடிதம் எவ்வழி சென்றது என்பதை அறிவதற்குக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை.

நேயர்களே, இவ்வளவும் கூறியபின் ஒன்று எஞ்சுகின்றது. நடுவில் நிற்கும் நிரலுக்கு, வழிச்சீட்டை வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பதனால் உடனடி இலாபம் ஒன்றுமில்லை. பயன், எங்கோ மறுமுனையிற் பிழையைத் தேடும் வேறொருவருக்கு. ஆதலினாலேதான் இடைமுகம் மிகச் சிறியதாகவும், பாரமற்றதாகவும், யாரையுந் துன்புறுத்தாததாகவும் இருத்தல் வேண்டும். பிறர் பொருட்டுச் செய்யும் வேலை கடினமாயின் ஒருவருஞ் செய்யார். ஒருவர் செய்யாவிடினும் சங்கிலி அறும். நிரல் எழுதும் இளைஞர் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின் அவருக்கு நான் கூறுவது இதுவே: உமக்கு வேண்டாத சீட்டாயினும் உமது கையோடு அதனை நிறுத்திவிடாதீர்.

முன்னர் நான் சொன்ன அந்த இளைஞருக்கு, உண்மை தெரிந்த அன்றே கடிதம் எழுதினேன். தவறு எங்கே இருந்தது, எவருடையது என்பவற்றைத் தடத்தின் படத்தோடு எழுதி அனுப்பினேன். அவர் சுருக்கமாக விடை எழுதினார். படத்திலே தம் பணிக்கூறு காத்திருந்த பகுதியை அளந்து, அதன் நீளத்தை அருகிற் குறித்திருந்தார், வேறொன்றும் சொல்லவில்லை. அக்கடிதம் இன்றும் என்னிடம் உண்டு.